மொட்டைக் கத்தியை நம்பாத மாஸ்டர்

வெள்ளவத்தை மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எங்கள் தொடர்மாடியின் மேல் வீட்டு மனோன்மணி அக்கா. "டீச்சர், இவர் எழும்பிறார் இல்லை. ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார். பார்வை இல்லாத அந்த மனுஷி கணவரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கதைக்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது. பையைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது இரத்தினவேல் மாஸ்டரின் கை குளிர்ந்து போயிருந்தது.

கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் அவரிடம் புவியியல் படித்த பலர் இதை வாசிப்பீர்கள். வரைபடத்தில் ஓர் ஆறு வழிமாறிப் போனால் வகுப்பே நடுங்கும்படி சத்தம் போட்டவர் என்றுதான் உங்களுக்கு அவரைத் தெரியும். ஆசிரியர் அறையில் பக்கத்து மேசையில் இருந்த எனக்கும் நெடுங்காலம் அவ்வளவுதான் தெரியும். ஓய்வுபெற்ற பிறகு ஒரே தொடர்மாடியில் குடியிருந்ததால் நீங்கள் காணாத ஒரு மாஸ்டரை நான் கண்டேன். ஞாயிறு காலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கத்தி தீட்டுகிற மாஸ்டர் அவர்.

அக்காவின் கண்களைச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, பறித்துக்கொண்டது. கனடாவிலிருந்து மகள் வதனி ஓடி வந்தாள். அவள் என்னிடம் படித்த பிள்ளை. வீட்டிலிருந்த நல்ல கத்திகளையெல்லாம் பேப்பரில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தாள். மூன்று வேளைச் சாப்பாட்டையும் கடையில் ஒழுங்கு செய்துவிட்டுப் போனாள். தாய்மேல் உள்ள பாசத்தில் செய்ததுதான், குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அக்கா கதைப்பதே குறைந்து போனது. கடைச் சோற்றை அளைந்துவிட்டு எழும்பிவிடுவார். கண் போனதற்கு அழாதவர் குசினி போனதற்கு அழுதார்.

ஒருநாள் மாஸ்டர் அவசரமாகக் கூப்பிட்டார். அக்கா மேசை லாச்சிக்குள் கிடந்த ஒரு பழைய கத்தியைத் தேடி எடுத்துத் தக்காளி வெட்டப் போயிருக்கிறார். விரலில் ஆழமான வெட்டு. நான் மருந்து கட்டிக்கொண்டே, "இனிக் கத்திப் பக்கம் போகாதேங்கோ அக்கா" என்று ஏசினேன். மாஸ்டர் தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"தக்காளித் தோலிலை ஒரு கீறல்கூட இல்லை, டீச்சர்" என்றார். "கத்தி மொட்டை. அது வெட்டேல்லை எண்டு இவ அழுத்தியிருக்கிறா, வழுக்கிப்போட்டுது. பிழை இவவிலை இல்லை, கத்தியிலை."

கண் தெரியாதவருக்குக் கூரான கத்தியா என்று தொடர்மாடியே கேட்டது. நானும் கேட்டேன். மாஸ்டர் அலுமாரிக்கு மேல் இருந்த கத்திகளை இறக்கினார், கொட்டாஞ்சேனையில் ஒரு தீட்டுக்கல் வாங்கிவந்தார். முதல் நாள், சட்டி மினுக்குவதைப் போலக் கத்தியைப் படுக்கவைத்துத் தேய்த்தார். இருந்த கொஞ்சக் கூரும் போயிற்று. பிறகு கத்தியின் முதுகுக்குக் கீழே தீப்பெட்டி ஒன்றை வைத்துச் சரிவு பிடிக்கப் பழகினார். "சாய்வு பிழைச்சால் ஆறே வேறை பக்கம் ஓடும். கத்தி எம்மாத்திரம்?" என்பார். கல்லைத் தண்ணீரில் போட்டு, குமிழி வருவது நின்ற பிறகுதான் எடுப்பார். ஒரு பக்கம் தீட்டி, மறுபக்கத்தில் மெல்லிய பிசிர் விரலில் தட்டுப்படுகிறதா என்று பார்த்துத்தான் திருப்புவார். கடைசியில் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போன தோல் பெல்ட்டில் இழுத்து அந்தப் பிசிரைப் போக்குவார்.

தீட்டியது சரியா என்று சொல்வது அக்கா. ஒரு வெங்காயத்தை எடுத்து, விரல் நுனிகளை உள்ளே மடக்கிப் பிடித்துக்கொண்டு, காதைச் சாய்த்து வெட்டுவார். "கறகறக்குது. கூர் இன்னும் வரேல்லை" என்றால் மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டு கல்லுக்குத் திரும்புவார். எத்தனை பிள்ளைகளைப் பெயிலாக்கிய மனிதர்! ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பெயிலாவதைப் பார்க்கவே நான் தேத்தண்ணிக் கோப்பையோடு மேலே போவேன்.

நம்முடைய வீடுகளில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கமாட்டோம், சண்டை வரும் என்று பயம். ஒருவர் கீழே வைக்க மற்றவர் எடுப்பார். மேசையில் வைத்த கத்தியை அக்கா தடவி எடுத்தால் என்ன ஆகும்? அதனால் மாஸ்டர் "கத்தி" என்று சொல்லி, பிடியை அவருடைய உள்ளங்கையில் வைத்து, விரல்கள் மூடியபிறகே தன் கையை எடுப்பார். இதைக் கண்ட உறவுக்காரப் பெண் ஒருவர் பதறிப்போனார். "கலியாணம் கட்டின நாளிலை இருந்து சண்டைதான். இனி என்ன புதுசா வரப்போகுது?" என்றார் மாஸ்டர். அக்கா சிரித்த சிரிப்பு கீழ் மாடிக்கும் கேட்டது. கடைச் சாப்பாட்டை நிறுத்தி அப்போது கொஞ்சக் காலமாகியிருந்தது.

ஒருமுறை உதவி செய்கிறேன் என்று கத்தியைச் சிங்குக்குள் போட்டுவிட்டேன். மாஸ்டர் சத்தம் போடவில்லை. எடுத்துக் கழுவி, துடைத்து, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்: "சிங்குக்குள்ளை கத்தி போடுறது கண் தெரியிற ஆக்களின்ரை பழக்கம், டீச்சர்." நான் நிலத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று.

முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி முடிந்த மறுநாள் போனேன். வதனி மேசையில் கத்திகளைப் பரப்பி மறுபடியும் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். அழுதழுது அவள் முகம் வீங்கியிருந்தது. "அப்பா இருந்தவர், பார்த்துக்கொண்டார். இனி ஆர் இருக்கினம்? அம்மாவை என்னோடை கூட்டிக்கொண்டு போறன். அங்கை அவ ஒரு வேலையும் செய்யத் தேவையில்லை. நான் செய்யிறது சரிதானே, டீச்சர்?" அக்கா அடுத்த கதிரையில் மடியில் கைகளை வைத்துக்கொண்டு இருந்தார்.

சரி என்று சொல்லவும் எனக்குக் காரணம் இருந்தது, பிழை என்று சொல்லவும் இருந்தது. அப்போது கண் கிளினிக்கில் நடந்த ஒன்று மனதில் வந்தது. அன்று நானும் கூடப் போயிருந்தேன். டொக்டர் அக்காவைப் பற்றிய கேள்வியையெல்லாம் மாஸ்டரிடமே கேட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பி நின்றார். "வருத்தம் அவவுக்கு, டொக்டர். அவவைக் கேளுங்கோ."

"பிள்ளை, என்னைக் கேளாதை" என்றேன் வதனியிடம். "அம்மா இஞ்சைதானே இருக்கிறா. அவவைக் கேள்."

வதனி கையிலிருந்த கத்தியை மேசையில் வைத்தாள். பிறகு தாயின் காலடியில் போய் இருந்தாள். "அம்மா, உங்களுக்கு என்ன விருப்பம்?"

"அப்பா செத்த நாளிலை இருந்து அவருக்குப் படைச்சதெல்லாம் மற்றாக்கள் சமைச்சது" என்றார் அக்கா. "என்ரை கையாலை ஒண்டும் குடுக்கேல்லை. முதல் என்னைச் சமைக்க விடு. கனடாக் கதையைப் பிறகு கதைப்பம்."

மாஸ்டரின் நினைவாக அந்த வீட்டிலிருந்து நான் ஒரு சாமானும் எடுத்துவரவில்லை. "அவவைக் கேளுங்கோ" என்ற அந்த ஒரு சொல்லைத்தான் வைத்திருக்கிறேன். வதனி பேப்பர்களைப் பிரித்தாள். அன்று மத்தியானம் அவருடைய படத்துக்கு முன்னால் வாழையிலையில் சோறும், அக்கா வெட்டிச் சமைத்த கத்தரிக்காய்ப் பால்கறியும் இருந்தன.