மகனைக் கூப்பிட வாய் தந்த ரங்கநாதன்

போன ஆடி மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து உறையூரில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். “நிறைய தண்ணி குடிங்க, காலை அசைச்சுக்கிட்டே இருங்க, வீட்லயே நல்லா தேறிடுவீங்க” என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

என் கணவர் உயிரோடு இல்லை. மருமகள் பிரசவத்துக்காக லால்குடியில் தாய்வீட்டில் இருந்தாள். வீட்டில் நானும் என் மகன் ரகுவும்தான். எனக்குப் பெட்பேன் வைப்பது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாமே அவன். இதை எழுதவே கை கூசுகிறது. கல்யாணமான பிள்ளை. நான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அதனால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினேன். அவன் கடைக்குப் போனதும், சொம்புத் தண்ணீரைக் கட்டிலை ஒட்டிய ஜன்னல் வழியே ஊற்றிவிடுவேன். சாப்பாட்டையும் குறைத்தேன். சீக்கிரமே நீர்க்கடுப்பு வந்தது. குளிர்காய்ச்சல் வந்தது. காலை அசைக்கவும் தெம்பில்லை.

“ரங்கநாதா, இந்த வெட்கத்தை எடுத்துடு. இல்லன்னா என்னை எடுத்துக்கோ” என்று ஒருநாள் அழுதேன்.

அன்று மதியம் ரகு வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டான். என் கையில் சொம்பு, ஜன்னலுக்கு வெளியே.

“என்னம்மா பண்ற?”

பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“எனக்கும் கூச்சமாத்தாம்மா இருக்கு. கண்ணை எங்க வைக்கிறதுன்னே தெரியல. அதுக்காக நீ தண்ணி குடிக்காம கெடந்தா எப்படிம்மா? எனக்கு பயமா இருக்கு.”

அவனும் கூசுகிறான் என்று அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை. என் வெட்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். இருவரும் அழுதோம். அன்றே ஆம்புலன்ஸ் வைத்து டாக்டரிடம் கூட்டிப்போனான். அதன்பின் எனக்குச் செய்யும்போதெல்லாம் டிவியில் கிரிக்கெட்டைச் சத்தமாக வைத்து, யார் அவுட் என்று சொல்லிக்கொண்டே செய்வான். நானும் ஸ்கோர் கேட்பேன்.

காய்ச்சல் விட்டது. தண்ணீர் குடித்தேன், தேவைப்பட்டபோது கூசிக்கொண்டே நானே ரகுவைக் கூப்பிட்டேன். காலை அசைத்தேன். மெல்ல வாக்கரைப் பிடித்து நின்றேன். தை மாதம் ஸ்ரீரங்கத்தில் ரகு என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிப்போனான். சந்நிதியில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றே சேவித்தேன்.

வெட்கம் இன்னும் போகவில்லை. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. பெருமாள் அதை எடுக்கவில்லை. வெட்கத்தோடேயே மகனைக் கூப்பிட வாய் தந்தார். அவர் தந்ததுதான் இந்த உயிர்.

என்னைப் போலப் படுக்கையில் கிடக்கிறவர்கள் யாராவது இருந்தால் அவரை நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பக்கத்து அறையில் இருப்பவரையும் கூப்பிடுங்கள்.