என் கதவு எண்ணில் ஒரு கம்பெனி

பல்கலைக்கழகத்தில் தொழில்முனைவோர் மையம் தொடங்குகிறோம், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொன்னார்கள். என் திறமையைப் பார்த்துச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பிள்ளை குட்டி இல்லாதவள், சாயங்காலம் வீட்டுக்கு ஓட வேண்டியதில்லை என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

பழைய விடைத்தாள் கிடங்கைக் காலி செய்து கொடுத்தார்கள். வெள்ளையடித்தோம், கல்வெட்டு பதித்தோம். பெரியவர்கள் வந்து ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், முந்திரிப் பக்கோடா சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பிறகு மூன்று மாதம் நான் மட்டும் அங்கே உட்கார்ந்திருந்தேன். எப்போதாவது கதவைத் திறந்தவர்களும் ஏ.சி. ஓடுகிறதா என்று பார்க்க வந்தவர்கள்தான்.

வேலையோடு வந்தவள் ஒரே ஒருத்தி. சோழவந்தான் பெண், முதுகலை இரண்டாம் வருடம். அவள் அப்பா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். கோடையில் வெளியூருக்குப் பஸ்ஸில் ஏற்றும் வெற்றிலைக் கட்டு, போய்ச் சேர்வதற்குள் பழுத்துவிடும். இவள் ஈரம் காக்கும் பெட்டி ஒன்று செய்திருந்தாள். அதை என் மேஜையில் வைத்துத் திறந்தாள். பறித்து ஐந்து நாளான இலை பச்சையாக இருந்தது. ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டேன். காரம் அப்படியே இருந்தது.

ஒரு மொத்த வியாபாரி பெட்டிகளை வாங்கத் தயாராக இருந்தார். ஆனால் பில் வேண்டும் என்றார். பில் போட ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். பதிவுக்கு ஒரு முகவரி வேண்டும், அந்த இடத்தின் கரண்ட் பில்லும் இடத்துக்காரரின் சம்மதக் கடிதமும் வேண்டும். சித்திரை பிறப்பதற்குள் கிடைக்காவிட்டால் அந்த வருடக் கோடை போய்விடும், வியாபாரியும் போய்விடுவார்.

"உன் வீட்டு அட்ரஸைக் குடுக்க வேண்டியதுதானே?"

"எங்க வீட்டு கரண்ட் பில்லு இன்னும் தாத்தா பேர்லதான் மேடம் இருக்கு. பேரை மாத்தணும்னா அப்பா, பெரியப்பா, ரெண்டு சித்தப்பா, நாலு பேரும் கையெழுத்துப் போடணும். நாலு பேரும் ஒரே பந்தியில உக்காந்தே எம்புட்டோ வருசமாச்சு."

இதற்குத்தானே மையம் என்று நினைத்து, மையத்தின் முகவரிக்கே சம்மதக் கடிதம் கேட்டுக் கோப்பு எழுதிக்கொண்டு நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன். கண்காணிப்பாளர் படித்துவிட்டு மூடி வைத்தார்.

"லெட்டர் குடுத்தா நாளைக்கு ரூம் எங்களுதுன்னு கோர்ட்டுக்குப் போவாங்க மேடம்."

"வெத்தலைப் பெட்டி செய்யிற பிள்ளை உங்க பில்டிங்கை எழுதி வாங்கிருவாளா சார்?"

"நீங்க கோவப்படுறீங்க."

"ஆமா."

கோப்பு சட்டப் பிரிவுக்குப் போனது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஒத்தக்கடையில் எனக்கு ஒரு வீடு உண்டு. என் அம்மா கடைசிவரை அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். எங்கள் குடும்பத்தில் தன் பெயரில் கரண்ட் பில் வந்த முதல் ஆள் நான். அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் நானும் டி.வி.யும்தான். அந்த பில்லின் நகலை எடுத்தேன், சம்மதக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வாசலில் கம்பெனி பெயரைப் போட்டுப் பலகை வைக்க வேண்டும் என்பது விதி. அவளே ஆணி அடித்து மாட்டினாள். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் நின்று பார்த்தார்.

"என்னக்கா, கடை போட்டீகளா? வெத்தலைன்னு போட்டிருக்கு. பாக்கு உண்டா?"

"பாக்கை நீ கொண்டா."

பங்குனிக் கடைசியில் பதிவு வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, முன்னறையில் பெட்டிகளை அடுக்கி லேபிள் ஒட்டுவாள். தபால் வந்திருந்தால் எடுத்துக்கொள்வாள். சனிக்கிழமை நான் இரண்டு பேருக்குச் சமைத்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. "மிச்சம் கிடக்கு, சாப்பிட்டுப் போ" என்பேன். அவளும் மிச்சம் என்றே நம்பிச் சாப்பிட்டாள்.

வருடக் கடைசியில் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. மையம் உருவாக்கிய முதல் நிறுவனம் என்று அவள் போட்டோவைப் பெரிதாகப் போட்டார்கள். கண்காணிப்பாளர் போனில் முகவரி கேட்டார். சொன்னேன்.

"இது உங்க வீட்டு அட்ரஸ் மாதிரி இருக்கே மேடம்."

"என் வீட்டு அட்ரஸ்தான். உங்க லெட்டர் வந்ததும் மாத்திக்கிறேன்."

அவர் போனை வைத்துவிட்டார். அறிக்கையில் முகவரி இல்லாமலே அச்சடித்தார்கள்.

அடுத்த தை மாதம் அவள் செல்லூரில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்தாள். அங்கே வேலைக்கு மூன்று பெண்கள். நல்ல விஷயம். மையம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் காட்ட வேண்டியது இதைத்தான். ஒரு சனிக்கிழமை வந்து பலகையைக் கழற்றினாள். ஸ்வீட் பெட்டி கொடுத்து என் காலில் விழப் போனாள். "அதெல்லாம் வேண்டாம், எந்திரி" என்று அதட்டினேன். அன்று ஷெட்டில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சாப்பிடாமல் போய்விட்டாள். சமைத்ததை ராத்திரியும் மறுநாளும் நானே சாப்பிட்டேன்.

மாசியில் அவள் கம்பெனி பெயருக்கு ஒரு தபால் வந்தது. சனிக்கிழமை வரைக்கும் மேஜையில் வைத்திருந்தேன். பிறகு போன் செய்தேன்.

"தபால் வந்திருக்கு. எப்ப வாரே?"

பின்னால் மெஷின் சத்தம் கேட்டது. "மேடம், பிரிச்சு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பிருங்களேன். அலைய முடியல. அட்ரஸை மாத்திட்டேன், இனிமே அங்க வராது. உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் மேல் கோபப்பட ஒரு காரணமும் இல்லை. தபாலைப் பிரித்தேன். முன்பக்கமும் பின்பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பினேன். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.