ஆட்டமில்லாத மாதங்களில் ஒரு போன்

எங்கள் டீமின் கடைசி ஆட்டம் முடிந்த அன்று டிவியை அணைத்துவிட்டு ஒரு மூச்சு அழுது தீர்த்தேன். தோற்றதற்காக இல்லை. தோற்பது அவர்களுக்குப் பழக்கம்தான், ஆகஸ்ட் வெயில் வந்தாலே துவண்டுவிடுவார்கள். இனி ஏப்ரல் வரைக்கும் பேஸ்பால் கிடையாது, அதுவரை நான் என்ன செய்வேன் என்றுதான் அழுதேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. பனியே பார்க்காத வெயில் ஊரான இர்விங்கில் ஃப்ரீவே ஓரத்து அபார்ட்மெண்ட், இரண்டாவது மாடி. ஈரோட்டில் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்தவள் நான். கணவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டு இங்கே வந்தேன். எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. இருக்கிற ஒரே காரை அவர் காலையில் எடுத்துக்கொண்டு போய்விடுவார். நடந்து போகலாம் என்றால் எங்கே போவது? நாற்பது பெண்களை ஒரே அதட்டலில் உட்கார வைத்த என் தொண்டை, பகல் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் துருப்பிடித்துக் கிடந்தது.

அந்தக் காலத்தில் என்னைக் காப்பாற்றியது பேஸ்பால்தான். வருஷத்துக்கு நூற்றறுபத்திரண்டு ஆட்டம்! புண்ணியவான்கள், கிட்டத்தட்ட தினமும் ஆடினார்கள். முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூன்றே மாதத்தில் அம்பயரைக் கொங்குத் தமிழில் திட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

ஆட்டமில்லாத மாதங்களில் மிச்சமிருந்தது ஒரு ரேடியோ நிகழ்ச்சி. சாயங்காலம் நாலு மணிக்கு வரும். ரசிகர்கள் போன் பண்ணி, யாரை வைத்துக்கொள்ளலாம், யாரைத் தள்ளிவிடலாம் என்று அடித்துக்கொள்வார்கள். அந்த நவம்பரில் எல்லோரும் ஒரே ஆளைத்தான் கரித்துக் கொட்டினார்கள். எங்கள் டீமில் இடது கையால் பந்து வீசுகிற ஒருத்தன். சீசன் முழுக்க மைதானத்து மூலையில், வேலிக்குள், எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்தே கிடந்தவன். அவன் தண்டம், வேறு டீமுக்குத் தள்ளிவிடுங்கள் என்றார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை எடுத்துவிட்டேன். அரை மணி நேரம் காத்திருந்த பிறகு லைன் கிடைத்தது.

"அவன் வீசலைன்னு சொல்றீங்களே, எப்ப வீச விட்டீங்க?" என்று ஆரம்பித்தேன், என் பள்ளிக்கூட இங்கிலீஷில். "வீசத் தெரிஞ்சவனை உட்கார வச்சே கெடுத்துட்டு, அப்புறம் கை வரலைன்னா எப்படி வரும்?" எந்தெந்த ஆட்டத்தில் அவனை விட்டிருக்க வேண்டும் என்று ஒன்றொன்றாகச் சொன்னேன். நிகழ்ச்சி நடத்துகிறவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இவ்வளவு நாளா எங்க மேடம் இருந்தீங்க?"

இனி வாராவாரம் புதன்கிழமை நாங்களே கூப்பிடுகிறோம், ஐந்து நிமிஷம் பேசுங்கள், டீம் தொப்பி ஒன்று அனுப்பி வைக்கிறோம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குக் கேசரி கிளறினேன்.

கணவர் வந்து கேசரியைத் தின்றுகொண்டே கேட்டார். கேட்கக் கேட்க முகம் மாறியது.

"காசு தர்றாங்களா?"

"இல்லீங்க. ஒரு தொப்பி."

"தொப்பியும் சம்பளம்தான்னு சொல்லிட்டா? வாராவாரம்னா அது வேலைதானே? ஊருக்கே கேக்கற மாதிரி ரேடியோல வேற. கிரீன் கார்டு பேப்பர் உள்ள கிடக்குது. எனக்கு விசா இன்னும் ஒன்றரை வருஷம்தான்."

எங்கள் அபார்ட்மெண்டில் எல்லார் வாயிலும் இந்தக் கதைகள்தான். யாரோ ஒருவரின் மனைவி இட்லி மாவு விற்றாள், மூட்டை கட்ட வைத்துவிட்டார்கள். யாரோ ஒருத்தி பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள், பேப்பர் நின்றுபோயிற்று. அந்த யாரோவை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. பழியை அவர்மேல் மட்டும் போட மாட்டேன், நானும்தான் நடுங்கிப் போனேன்.

மறுநாள் பேச்சை நினைவூட்ட, செவ்வாய்க்கிழமை ரேடியோவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். விசாவைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அதுவும் எங்கேயாவது பதிவாகிவிட்டால்? நாங்கள் நியூ ஜெர்சிக்குக் குடிபோகிறோம், இனிப் பேச முடியாது என்று சொல்லிவிட்டேன். கணவரின் நண்பர் அங்கே மான்மவுத் ஜங்ஷனில் இருந்தார், எனக்குத் தெரிந்த வேறு ஊர் அது ஒன்றுதான். அந்தப் பெண் நிஜமாகவே வருத்தப்பட்டாள். போனை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன். அன்று முதல் புதன்கிழமை நாலு மணி வந்தாலே போனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வேன். ஆனாலும் ரேடியோவை அணைக்க மனசு வரவில்லை.

பிப்ரவரியில் கிரீன் கார்டு பேப்பரில் கையெழுத்துப் போட வக்கீலிடம் போன கணவர், பேச்சுவாக்கில் இதையும் கேட்டிருக்கிறார். வக்கீல் சிரித்தாராம்.

"போன்ல பேசறதெல்லாம் வேலையே இல்லையாம். நீ தாராளமா பேசலாமாம்" என்றார், ஷூவைக் கழற்றிக்கொண்டே, ஏதோ நல்ல செய்தி கொண்டுவந்த மாதிரி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஷூவை எடுத்தே அடித்திருப்பேன். பாவம், அவர் என்ன செய்வார்! யாரும் பூட்டாத கதவை இரண்டு பேருமாகச் சேர்ந்தல்லவா பூட்டிக்கொண்டோம்?

அடுத்த வாரம் அந்த இடதுகைக்காரனைத் தள்ளிவிடவில்லை, வைத்துக்கொள்கிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். சந்தோஷம் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவோம், குடிபோகவில்லை என்று சொன்னால் தலையையா வாங்கிவிடுவார்கள் என்று போன் பண்ணினேன். ஹலோ என்றதுமே அந்த ரேடியோப் பெண் என் குரலைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"நியூ ஜெர்சி மேடம்!" என்று கத்தினாள். நான் வாய் திறப்பதற்குள் நேராக நிகழ்ச்சிக்குள் தள்ளிவிட்டாள்.

"பாருங்க, அவ்வளவு தூரத்துல இருந்து நம்ம டீமுக்காகக் கூப்பிடறாங்க!" என்று ஊருக்கே சொன்னார் நடத்துகிறவர். "அங்க பனி எப்படி மேடம்?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சுள்ளென்று வெயில். கீழே ஒருவர் அரை டிராயரோடு காரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"முழங்கால் வரைக்கும்" என்றேன்.

"அடடா. நீங்க மட்டும் இங்க இருந்திருந்தா, ஏப்ரல்ல முதல் ஆட்டத்துக்கு என் பக்கத்து சீட்லயே உங்களை உட்கார வச்சுப் பேச விட்டிருப்பேன்."

ஸ்டேடியம் எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிஷம்.

"ரொம்ப தூரமாச்சே" என்றேன்.