தனத்திடம் நான் கேட்காத மூன்று கேள்விகள்

தஞ்சோங் கிளிங் கடலோரச் சாலையில் கெம்போங் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது தனபாக்கியத்தின் மகள் அழைத்தாள். "நூரு ஆன்ட்டி, அம்மா போய்ட்டாங்க" என்றாள். மீன்காரர் பையை நீட்டியபடி நின்றார். அதை வாங்கினேனா, அப்படியே விட்டுவிட்டு வந்தேனா என்று இன்றுவரை நினைவில்லை.

தனத்தை அவள் என்றுதான் எழுதப்போகிறேன். அவர் என்று எழுதினால் "யாருடி அது?" என்று கேட்டிருப்பாள். மலாக்காவில் ஓர் அறுவை சிகிச்சை வார்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நாங்கள் இருவரும் தாதியராக ஒன்றாக வேலை பார்த்தோம். அவளோடு வேலை பார்த்தவர்களும் அவள் கையால் மருந்து வாங்கியவர்களும் இதைப் படிப்பீர்கள். வார்டில் அவள் காதுக்கு ஆகாத ஒரு சொல் இருந்ததும் உங்களுக்குத் தெரியும். 'பரவாயில்லை' என்பதுதான் அது.

அதற்குக் காரணம் நான். ரெம்பியா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த மாணிக்கம் அண்ணனுக்குக் குடலில் புற்றுநோய். கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, மீதிக் குடலைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். நான்காம் நாள் காலை டாக்டர் வந்து எப்படியிருக்கிறது என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்து, "பரவால்ல மிஸ்ஸி" என்றார். தாதியர் எல்லாரும் அவருக்கு மிஸ்ஸிதான். நான் டாக்டரிடம் திரும்பி "ஓகே, டாக்டர்" என்றேன். எல்லாரும் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டோம்.

மதியம் தனம் வேலைக்கு வந்தாள். நாடித் துடிப்பு ஏறியிருப்பதைக் கண்டு நேராக அவர் கட்டிலுக்குப் போனாள்.

"எழுந்து நடந்தீங்களாண்ணே?"

"நாளைக்கு நடக்கறேன் மிஸ்ஸி."

"காத்து பிரிஞ்சுதா?"

அண்ணன் வெட்கப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, ஒரு தடவ இரும முடியுதாண்ணே?"

அவரால் முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வியர்த்துப் போனார். தனம் அந்த இடத்தைவிட்டு நகராமல் டாக்டரை வரவழைத்தாள். தைத்த இடம் கசிந்து, உள்ளே சீழ் பிடித்திருந்தது. அன்றே மறுபடியும் வயிற்றைத் திறந்தார்கள். அண்ணன் பல வாரம் படுத்துக் கிடந்து பிழைத்தார்.

யார் முன்னாலும் அவள் என்னைத் திட்டவில்லை. தேநீர் கலக்கும் அறையில் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். "அவரு மரியாதைக்குச் சொன்னாரு நூரு. நீ அத ரிப்போர்ட்டா சொல்லிட்ட. நம்மாளுங்க பரவாயில்லன்னு சொன்னா அது பதிலே இல்லடி, டாக்டருக்கு வைக்கிற வணக்கம்." எனக்கு அழுகை வந்தது. ஒரு பிஸ்கட்டை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

அதன்பிறகு அந்த மூன்று கேள்விகளும் எங்கள் வார்டின் வழக்கமாயின. பார்க்க வந்த சம்பந்தி வீட்டார் சுற்றி நிற்கும்போதே "காத்து பிரிஞ்சுதா?" என்று உரக்கக் கேட்பாள். நோயாளியின் மானம் போகும். "மானம் வீட்டுக்குப் போனதும் திரும்ப வந்துடும்லா" என்பாள். மலாய்த் தாதியர்கூட "காத்து சுடா, அங்கிள்?" என்று, காற்று போயாச்சா என்பதைப் பாதித் தமிழில் கேட்கப் பழகிவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு அவளுக்கும் அதே நோய், அதே இடத்தில். வெளியூர் மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்தாம் நாள் நான் போன் செய்தேன்.

"எப்படிடி இருக்கே?"

"பரவால்ல நூரு. இங்க பாவம், ரெண்டே நர்ஸ் பிள்ளைங்க வார்டு பூரா ஓடுதுங்க. அப்புறம் பேசறேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கப் பேசினாள். நடந்துவிட்டு வந்திருப்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எனக்கு அன்று நிம்மதியாகக்கூட இருந்தது. மறுநாள், அவளுக்கும் தைத்த இடம் கசிந்திருக்கிறது என்று மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அதற்கடுத்த இரண்டாம் நாள் போய்விட்டாள்.

ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் மகள் கேட்டாளாம். உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம். எனக்கும் தெரியவில்லை. ஊருக்கே அந்தச் சொல்லை வேண்டாம் என்றவள், அந்த இரண்டு தாதியரின் அலைச்சலைப் பார்த்து அதையே சொல்லியிருக்கிறாள். அவள் சொல்லலாம். கேட்டுக்கொண்டு போனை வைத்தவள் நான். என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பவை அந்த மூன்று கேள்விகள்தான். இனி யார் படுத்திருந்தாலும் வெட்கமில்லாமல் கேட்பேன்.

பத்து பெரண்டாமிலுள்ள அவள் வீட்டுக்கு இறுதிச் சடங்குக்குப் போனபோது, கூடாரத்துக்குள் மாணிக்கம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ரெம்பியாவிலிருந்து மகன் காரில் அழைத்து வந்திருந்தான். "எப்படி இருக்கீங்க மிஸ்ஸி?" என்றார். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நல்லா இல்லண்ணே" என்றேன். "அவகிட்ட நான் கேக்காம விட்டுட்டேன்."

என்ன கேட்கவில்லை என்றார். மூன்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் குனிந்து வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அவங்க எங்கிட்ட கேட்டாங்களே மிஸ்ஸி" என்றார்.