இருபத்திரண்டு ‘இருக்கட்டும்’

பினாங்கு நண்பர்களே, தென்னூரில் நான் வேலைக்குச் சேர்ந்த பல்பொடிக் கம்பெனியில் சனிக்கிழமைதோறும் காலையில் ஒரு கூட்டம் நடக்கும். யாரும் உட்காரக் கூடாது. காபி டம்ளரோடு நிற்க வேண்டும். காபி தீர்ந்தால் கூட்டமும் தீர்ந்தது. முதலாளி லூர்தம்மாள், சிவப்புப் பொடி அரைக்கும் அறையைக் கவனிக்கும் லால்குடிக் கமலம், கடை கடையாகச் சுற்றும் நான், அவ்வளவுதான் ஆட்கள். “எனக்கு என்ன தோணுதுன்னா” என்று யாராவது ஆரம்பித்தால் லூர்தம்மாள் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். “தோணுறதெல்லாம் வீட்டுல வச்சுக்கங்க. எத்தனை கடை, என்ன சொன்னாங்க, அதைச் சொல்லுங்க.” பினாங்கில் நம் சீன முதலாளி, அந்தத் தவுக்கே, மாதக்கணக்கில் யோசிக்கும் விஷயத்தை இந்த அம்மாள் ஒரு டம்ளர் காபிக்குள் முடித்துவிடுவார். நான் வாயைப் பிளந்தேன்.

மூன்றாம் மாதமே கூட்டத்தை நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். கிராம்பு போட்ட வெள்ளைப் பொடி அப்போதுதான் வந்திருந்தது. சிவப்பை நிறுத்திவிட்டு வெள்ளையை மட்டும் செய்யலாமா என்பதுதான் கேள்வி. நிறுத்தினால் கமலத்துக்கும் அவர் அறையில் இருந்த பெண்களுக்கும் வேலை போய்விடும். அது கமலத்துக்கும் தெரியும்.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து தென்னூர் வரை முப்பது கடை ஏறி இறங்கினேன். “வெள்ளைப் பொடி இன்னும் ஒரு டஜன் வைக்கட்டுமா?” என்று கேட்டேன். பினாங்குக் கடைத்தெருவில் பத்து வருஷம் இதே வேலைதான் பார்த்தேன். அங்கே மலாயில் ‘மாவ்’ என்றால் வேண்டும், ‘தா மாவ்’ என்றால் வேண்டாம். சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் என் நோட்டிலும் இரண்டே கட்டங்கள் போட்டிருந்தேன்.

சனிக்கிழமை நோட்டைப் பார்த்து, “முப்பதுல நாலு கடையில முதலாளி இல்ல. மீதி இருபத்தாறும் வேணும்னு சொல்லியிருக்கு” என்று பெருமையாகப் படித்தேன். கமலம் காபியைத் தொடவே இல்லை. கெஞ்சவும் இல்லை.

“சார், கோவிச்சுக்காதீங்க. அவங்க வாயில வந்த வார்த்தை என்னங்க?”

“நாலு பேர் அனுப்புங்கன்னாங்க. மத்த இருபத்திரண்டு பேரும் ‘இருக்கட்டும் சார்’னாங்க. கடையில இருக்கட்டும்னுதானே?”

லூர்தம்மாளுக்குப் புரையேறியது. கமலம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அப்படின்னா வேண்டாம்னு அர்த்தம் சார்.”

வெட்கத்தைவிட எனக்கு மலைப்புதான் அதிகம். இருபத்திரண்டு பேர் என் முகத்துக்கு நேராக மறுத்திருக்கிறார்கள், ஒருவர்கூட என்னை நோகடிக்கவில்லை! ஸ்ரீரங்கத்தில் ஒருவர் முக்காலி போட்டு உட்காரவைத்து, மோரும் கொடுத்துவிட்டு அல்லவா மறுத்தார். இத்தனை பெரிய ஊர் இத்தனை மென்மையாக வியாபாரம் செய்கிறது என்று நினைக்க நினைக்க உடம்பு சிலிர்த்தது.

சிவப்பு ஓடட்டும் என்று முடிவானது. இனிக் கூட்டத்தை வேறு யாராவது நடத்தட்டும் என்று சொல்லிப் பார்த்தேன்.

“இன்னொரு கட்டம் போடுங்க தம்பி, அவ்வளவுதானே? நம்ம ஊர்ல முகத்துக்கு நேரா வேண்டாம்னு யாரு சொல்லுவாங்க? அடுத்த சனிக்கிழமையும் நீங்கதான்” என்று சொல்லி லூர்தம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார்.

அவர் ‘நம்ம’ என்று சொன்னதில் என்னையும் சேர்த்திருந்தார். அன்று மாலை இதைப் பினாங்கில் இருக்கும் என் அண்ணனுக்கு எழுத உட்கார்ந்தேன். “நம்ம ஊரில் யாரும் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்வதில்லை” என்று எழுதியதும் பேனா நின்றது. அண்ணனுக்கு நம்ம ஊர் என்றால் பினாங்கு. இவனுக்கு என்ன ஆயிற்று என்று சிரிப்பார். ‘நம்ம’வை அடித்துவிட்டு மேலே ‘இவர்கள்’ என்று எழுதினேன். கமலம் படித்தால் என்ன நினைப்பார் என்று மனசு சுருக்கென்றது. அதையும் அடித்தேன். இரண்டு அடித்தலுக்கும் பக்கத்தில் ‘ஊரில்’ என்ற சொல் மட்டும் தனியாக நின்றது. கடிதத்தை அப்படியே மடித்து உறையில் போட்டு ஒட்டினேன்.