இத்தா நாட்களில் இரும்பு ராசா

கொடுக்கன் வலது கையைத் தூக்கியதும் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். மூன்று சொல்வதற்குள் அதன் பக்கமாகவே பாய்ந்து முதுகுக்குப் பின்னால் போய்விட வேண்டும். பயந்து பின்வாங்கினால் சுவரில் முட்டுவோம், அங்கேயே கதை முடிந்துவிடும். இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்தொன்பது சாவு தேவைப்பட்டது. பத்தொன்பதையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். நான் கணித ஆசிரியை, எழுதிப் பார்க்காமல் எனக்கு எதுவும் விளங்காது.

அது என் இத்தாக் காலம். கணவர் மௌத்தானால், அதாவது இறந்துபோனால், மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது. பாடசாலையில் அதற்கென்று லீவு உண்டு. மன்னார்ப் பக்கம் தாராபுரத்தில் எங்கள் வீட்டின் கடைசி அறையில், வெள்ளை உடுப்போடு, பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்தபடி இருந்தேன். முதல் இரண்டு கிழமையும் பெண்கள் வந்து நிறைந்தார்கள், சாப்பாடு கொண்டுவந்தார்கள், அழுதார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவரவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும்தானே. ஆனால் எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் மிஞ்சியது நானும் மாமியும்தான். மகனைப் பறிகொடுத்த நாளிலிருந்து மாமி ஓதி எண்ணுகிற தஸ்பீஹ் மணியோடு மட்டும்தான் பேசினா.

என் கணவர் மீன் லொறி ஓட்டியவர். பேசாலையில் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார், கிழமையில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். கடைசியாகப் போனபோது மதவாச்சிக்குக் கிட்ட, தெருவோரமாக ஒழுங்காக லொறியை நிறுத்தி, சிக்னல் விளக்கையும் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்திருக்கிறார். மாரடைப்பு. வயது முப்பத்தொன்பது. எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் என்று நான் சதா ஏசிய மனிதர், அந்த ஒன்றை மட்டும் முழுதாகச் செய்துவிட்டுப் போனார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

லொறியிலிருந்து வந்த பையில் சாரம், தொப்பி, சீப்பு ஆகியவற்றோடு அவருடைய கேம் கருவியும் இருந்தது. கத்தாரில் வேலை செய்த காலத்தில் வாங்கியது. இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு பெருவிரலாலும் விளையாட வேண்டும். அதற்காக நாங்கள் பிடித்த சண்டை கொஞ்சமல்ல. வீட்டில் நிற்கும் இரண்டு நாளும் அதையே நோண்டிக்கொண்டிருந்தால் எந்தப் பெண்சாதி பொறுப்பாள்? ஒரு நாள் அதைப் பிடுங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அவர் போய் முற்றத்தைக் கூட்டினார்.

மூன்றாம் கிழமை, வேறு எதுவும் செய்ய இல்லாமல், அதைச் சார்ஜரில் போட்டேன்.

விளையாட்டு இதுதான். முகமூடி போட்ட ஒரு மனிதன் மண்ணில் புதைந்த நகரத்துக்குள் இறங்குகிறான். பன்னிரண்டு வாசல். ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டம் அடிக்க வரும், வென்றால் மூன்று வரங்கள் காட்டப்படும், ஒன்றை எடுக்கலாம். பன்னிரண்டாம் வாசலுக்குள் பெரிய சம்மட்டியோடு இரும்பு ராசா இருக்கிறான். நடுவில் எங்கே செத்தாலும் சேர்த்த வரம் எல்லாம் போய்விடும். முகமூடிக்காரன் முதல் வாசலுக்கு வெளியே உள்ள முற்றத்தில் எழும்புவான், திரும்ப முதலில் இருந்து. அந்த முற்றத்தில் ஒற்றைக்கண் கடைக்காரன் ஒருவன் நிற்பான். வழியில் பொறுக்கிய கண்ணாடிச் சில்லைக் கொடுத்து அவனிடம் உயிரைக் கூட்டலாம், வாளைத் தீட்டலாம். அவை மட்டும் செத்தாலும் அழியாது.

கருவியில் மூன்று பேருக்கு இடம் இருந்தது. முதல் இடம் அவருடையது. அதைத் தொட்டதும் நேரே பன்னிரண்டாம் வாசல் வந்தது. முகமூடிக்காரன் கதவுக்கு முன்னால் வாளோடு நின்றான். பேசாலையில் லொறிக்கு மீன் ஏற்றி முடியும்வரை விளையாடியிருக்கிறார், ஏற்றி முடிந்ததும் அப்படியே நிறுத்தியிருக்கிறார். அதுவரை ஒரு முறைகூட அவர் ராசாவை வென்றதில்லை என்று பக்கத்திலேயே காட்டியது. உள்ளே போய்த் தோற்றால் அந்த ஆட்டம் அழிந்துவிடும். மூடிவிட்டு, இரண்டாம் இடத்தில் எனக்கென்று புதிதாகத் தொடங்கினேன். முதல் வாசலிலேயே செத்தேன்.

சொல்லித்தர ஒரே ஆள்தான் இருந்தார். கணவரின் தம்பி, மன்னார் டவுனில் போன் திருத்துகிற கடையில் வேலை. நானும் தம்பி என்றுதான் கூப்பிடுவேன், அண்ணன் மனைவி என்ற முறையில் அவர் என்னை மச்சி என்பார். அண்ணனை அவர் நானா என்பார், நானாவும் தம்பியுமாக இப்படியான கேம் விளையாடி வளர்ந்த ஆட்கள். ஆனால் இத்தாவில் அவரும் எனக்கு அந்நிய ஆண்தான். ஆகவே பகல் சாப்பாட்டுக்கு வரும்போது தம்பி விறாந்தையில் இருப்பார், மாமி நடுவில் பாயில் இருப்பா, நான் மூடிய கதவுக்குப் பின்னால் இருந்து, திரையில் நடப்பதை வாயால் சொல்ல வேண்டும்.

"நண்டு மாதிரி ஒண்டு. அடிச்சுக் கொல்லுது தம்பி."

"அது அடிக்கிறதுக்கு முதல் என்ன செய்யுது மச்சி?"

"எனக்கென்ன தெரியும்? அடிக்குது."

"இல்ல மச்சி, எல்லாம் அடிக்க முதல் ஒரு சாடை காட்டும். இண்டைக்கு நீங்கள் வெல்லப் பாக்க வேணாம். சும்மா நிண்டு சாகுங்கோ. சாகேக்க அத வடிவாப் பாருங்கோ."

சும்மா நின்று சாகச் சொல்லும் ஒரு பாடத்தை நான் இருபது வருடமாகப் படிப்பித்ததில்லை. ஆனாலும் நின்று செத்தேன். எட்டாவது சாவில் அந்த நண்டு, அதுதான் கொடுக்கன், வலது கையைத் தூக்குவது கண்ணில் பட்டது.

அப்படியே ஒவ்வொன்றாக. மூன்று வெட்டு வெட்ட நேரமிருந்தால் இரண்டோடு நிறுத்தி விலக வேண்டும். மூன்றாவதுதான் ஆளை விழுத்தும். புதிதாக வருகிறவர் வாளைத் தீட்டத்தான் ஆசைப்படுவார், அதைவிட முதலில் உயிரைக் கூட்ட வேண்டும். வரம் எடுக்கும்போது நெருப்பு என்றால் நெருப்பு, பனி என்றால் பனி, ஒன்றிலேயே நிற்க வேண்டும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தவன் எதிலும் தேற மாட்டான். என்னுடைய பெரிய குறை மருந்துக் குப்பி. இன்னும் தேவை வரும், இன்னும் தேவை வரும் என்று சேமித்தே பழகிய கை. குப்பி நிறைய மருந்தோடு பன்னிரண்டு முறை செத்தேன். தம்பி அதைக் கேட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் யாராவது சிரித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாமியின் மணி ஒரு கணம் நின்று, பிறகு உருண்டது.

பார்க்க வந்த ஒரு பெண், இத்தாவில் இருக்கிறவளுக்கு இது என்ன விளையாட்டு என்று கேட்டா. "மதில எண்ணி முடிச்சிட்டன், அதான்" என்றேன். அவ பிறகு வரவில்லை.

தம்பி வருவது அரை மணித்தியாலம். மீதிப் பகல் முழுவதும் காற்றும், தெருவில் கழுதை கத்துவதும்தான். அந்த மீதிப் பகலை எப்படிக் கழித்தேன் என்று யாரும் கேட்கவில்லை. செத்துச் செத்துத்தான் கழித்தேன். செத்ததும் திரும்ப எழும்பும் அந்த முகமூடிக்காரன் மீது சில நாள் எனக்குப் பொறாமையாக இருந்தது. சில நாள் கருவியைக் கட்டிலில் எறிந்துவிட்டு, மாமிக்குக் கேட்காமல் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, என் இடத்தில் இரும்பு ராசா விழுந்தான். கதவைத் தட்டி மாமிக்குச் சொன்னேன். "நல்லது" என்றா.

அடுத்து அவருடைய ஆட்டம். அதைத் தம்பியிடம் சொன்னேன்.

"வேணாம் மச்சி. அது அப்பிடியே இருக்கட்டும். தோத்தா ஒண்டும் மிஞ்சாது."

"போன நோன்பில காய்ச்சலால அவர் விட்ட மூண்டு நோன்பையும் நாங்கள்தானே அவருக்காகப் பிடிச்சு முடிச்சம். இதையும் முடிச்சுக் குடுப்பம்."

"நோன்பும் இதுவும் ஒண்டா?"

ஒன்றில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் அவர் நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும் திறந்து பார்த்தேன், ஒவ்வொரு நாளும் அங்கேயே நின்றார். அதைவிட ஒரு முடிவு எனக்கு வேண்டியிருந்தது. கடைசியில் தம்பி, தான் இருக்கும்போதுதான் விளையாட வேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தார்.

அவர் எடுத்திருந்த வரங்களைப் பார்த்தேன். நெருப்பில் மூன்று, பனியில் மூன்று, மின்னலில் இரண்டு, காற்றில் மூன்று. என் கொப்பியின் முதல் பக்கத்தில் செய்யக் கூடாதது என்று சிவப்பில் எழுதியிருந்தது அத்தனையும் செய்திருந்தார். சந்தைக்கு அனுப்பினாலும் இப்படித்தான், எல்லா மரக்கறியிலும் ஒவ்வொன்று வாங்கி வருவார், ஒரு கறிக்கும் காணாது. உயிரும் மிகக் குறைவு, புதிதாகத் தொடங்கியவரைவிடக் கொஞ்சம்தான் கூட. இரண்டு வருடமாகப் பொறுக்கிய சில்லை எல்லாம் என்னதான் செய்தார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமை கடை பூட்டு. ஜும்ஆத் தொழுகையும் பகல் சாப்பாடும் முடிந்து, மூன்று மணிக்குத் தம்பி விறாந்தைக்கு வந்தார். நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன், அதாவது முகமூடிக்காரன் போனான்.

"சம்மட்டியத் தூக்குறான்."

"எண்ணுங்கோ."

"பாஞ்சிட்டன். ரெண்டு வெட்டு."

"காணும், விலகுங்கோ."

மருந்துக் குப்பியை இந்த முறை நேரத்துக்குக் குடித்தேன். ராசாவின் உயிர் பாதியானது, காலானது. முழங்காலில் விழுந்து எழும்பினான். இன்னும் இரண்டு வெட்டு. அவன் சம்மட்டியைத் தூக்கினான், நான் ஒன்று என்று எண்ணினேன். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலிக்கத் தொடங்கியது.

நான் யோசித்துச் செய்யவில்லை. சிறு வயதிலிருந்து பாங்கு காதில் விழுந்ததும் என் இரண்டு கையும் தலைக்குப் போய்விடும், முக்காட்டை இழுக்க. அன்றும் போய்விட்டன. கருவி மடியில் விழுந்தது. நிறுத்துகிற பொத்தானை அமத்தவில்லை. முக்காட்டைச் சரிசெய்து கீழே பார்த்தபோது முகமூடிக்காரன் தரையில் கிடந்தான்.

பாங்கு முடிந்தது. பிறகு தம்பி கேட்டார்.

"முடிஞ்சுதா மச்சி?"

"முடிஞ்சுது. நான் கைய விட்டுட்டன் தம்பி. அவர் மௌத்தாயிட்டார்."

அந்தச் சொல்லை நான் அதுவரை என் வாயால் சொல்லியிருக்கவில்லை. மற்றவர்கள்தான் சொன்னார்கள், நான் தலையாட்டினேன். கதவுக்கு வெளியே தம்பி அழுகிற சத்தம் கேட்டது. மாமியும் அழுதா. எனக்கு என் கைகளை வெட்டி எறிய வேண்டும் போல் இருந்தது.

திரை இருண்டு, பிறகு வெளித்தது. முகமூடிக்காரன் முற்றத்தில் எழும்பினான். என் முற்றம் அல்ல, அவருடையது. ஆட்டம் பாதியில் நின்றதால் இதுநாள்வரை அது எனக்குத் தெரிய வழியில்லை. என் முற்றம் வெறும் மண், கடைக்காரன் மட்டும் நிற்பான். சண்டைக்கு உதவாத சாமான் எதுவும் நான் வாங்கியதில்லை. இங்கே வெள்ளை மதில் இருந்தது, கொடி படர்ந்த பந்தல் இருந்தது, தொங்குகிற விளக்கு, பாய், பூனை. சில்லை எல்லாம் இதில்தான் கொட்டியிருக்கிறார். உயிருக்கும் போடவில்லை, வாளுக்கும் போடவில்லை.

"என்ன தெரியுது மச்சி?" என்று தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"ஒரு வீடு தெரியுது. உங்கட நானா கட்டினது."

"எனக்கு ஒருநாளும் காட்டேல்ல. சொல்லுங்கோ."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். மதிலின் நிறத்தைச் சொன்னேன், பூனை வாலை ஆட்டுவதைச் சொன்னேன். மாமி பாயைவிட்டு எழும்பிக் கதவுக்குக் கிட்ட வந்தது காலடியில் தெரிந்தது. பந்தலுக்குக் கீழே இருவர் உட்கார இரண்டு கதிரை இருந்தது, அதையும் சொன்னேன்.

ஒரு கதிரைக்குக் கிட்டப் போனால் அதில் இருக்கலாம் என்று காட்டியது. பொத்தானை அமத்தினேன். முகமூடிக்காரன் வாளை மதிலில் சாத்திவிட்டு அமர்ந்தான். உடனே மற்றக் கதிரைக்கு மேலே ஒரு வரி வந்தது. இரண்டாவது ஆளுக்காகக் காத்திருக்கிறது, இதே கருவியில் வந்து சேரலாம் என்று.

கத்தாரிலிருந்து வந்த புதிதில் அவர் ஒரு முறை, இதை இரண்டு பேராக விளையாடலாம் என்று என்னிடம் சொன்னார். நான் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தவில்லை.

"பிறகு என்ன மச்சி? ரெண்டு கதிரை எண்டீங்கள். பிறகு என்ன இருக்கு?"

தம்பி கேட்டுக்கொண்டே இருந்தார். இத்தனை நாளாகத் திரையில் வந்த எல்லாவற்றையும் கதவுக்கு வெளியே சொன்ன எனக்கு, அதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.