கரெக்ட் என்று சொன்ன மாமா

கரெக்ட் என்கிற சொல்லை நாம் எதற்குத்தான் சொல்வதில்லை? கணக்கு கரெக்ட், சட்டை அளவு கரெக்ட், பஸ் கரெக்டா வந்துச்சு. உள்ளது உள்ளபடி, பிசகில்லாமல் இருந்தால் கரெக்ட். எட்டாவது வரை படித்த எனக்குத் தெரிந்த அர்த்தம் அவ்வளவுதான். பிள்ளைகளே, அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது என் மாமாவின் வாயில்.

மாமா என் உம்மாவுக்கு அண்ணன், கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் குமாஸ்தா. பரங்கிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தால் மழை வரும் போலருக்கு என்றாலும் கரெக்ட், வராது போலருக்கு என்றாலும் கரெக்ட். ரேடியோவில் மணி சொல்லும்போது கைக்கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்வார். அவர் கண்ணை உறுத்தியது எங்கள் சுவர்க் கடிகாரம். அப்பாவை நாங்கள் வாப்பா என்போம். மலாயாவில், பினாங்கில் வேலை பார்த்த அவர் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து, மாட்டிவிட்டுப் போனது அது. எப்போதும் இரண்டு மணி நேரம் முந்தி ஓடும்.

“இந்தக் கடியாரத்த நம்புனா உங்க வீட்ல நோன்பு ரெண்டு மணி நேரம் கம்மி போலருக்கே” என்று மாமா கேலி செய்வார். உம்மா சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

வாப்பாவிடமிருந்து பல மாதமாகக் கடிதம் வராத வருஷம். நோன்பு நாளில் மாமா வந்தார். ஏதோ சொல்ல வாயெடுப்பதும் நிறுத்துவதுமாக இருந்தவர், உம்மா கஞ்சி வேலையாக உள்ளே போனதும் எழுந்து முக்காலியில் ஏறிக் கடிகாரத்து முள்ளைத் திருப்பி, மணியைச் சரியாக வைத்துவிட்டார்.

சற்று நேரத்தில் அது ஐந்து அடித்தது. அகப்பையும் கையுமாக உம்மா ஓடிவந்தாள். நோன்பில் தினமும் அது ஏழு அடிக்கும்போது வந்து நின்று, உதட்டுக்குள் ஏதோ ஓதிவிட்டுப் போவது அவள் வழக்கம். முள்ளைப் பார்த்தவள் முகம் வாடிவிட்டது.

“நம்ம ஊரு நேரத்துக்குப் பள்ளிவாசல் பாங்கு இருக்கு, நானா” என்றாள். அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாள். “இது பினாங்கு நேரம். அவுங்க அங்க நோன்பு தொறக்குறது எனக்கு இதப் பாத்தாதான் தெரியும்.”

மாமா முக்காலியில் ஏறி முள்ளை மறுபடி ஏழில் வைத்தார். இறங்க வெகுநேரம் ஆனது. சுவரைப் பார்த்தபடியே, “இப்ப கரெக்ட்” என்றார்.

பெருநாள் கழிந்துதான் அவர் உம்மாவிடம் சொன்னார். நோன்பு பிறக்கும் முன்பே வாப்பா பினாங்கில் மவுத்தாகி, அடக்கமும் முடிந்துவிட்டது. கப்பலில் வந்த ஒருவர் மூலம் சேதி தெரிந்து, அதைச் சொல்லத்தான் மாமா அன்று வந்திருக்கிறார்.

அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. இரண்டு மணி நேரம் தப்பாக ஓடும் கடிகாரத்தைப் போய் கரெக்ட் என்கிறாரே, மாமாவுக்கு இங்கிலீஷ் சரியாக வராது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.